குறையை முதலில் சொன்னவர்

தன் மனுவைத் தள்ளுபடி செய்வதற்கான காரணத்தை அந்த மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிக் கொண்டுவந்த ஒரே ஒரு மனுதாரரை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். பட்டா மாறுதல் கேட்டு வந்திருந்த ஒரு பெண்மணி. நான் அப்போது அரியலூரில் வட்டாட்சியர். “மேற்படி நிலத்தில் தனக்கும் பாத்தியம் உண்டு என்று என் கொழுந்தனார் சொல்லிவருகிறார்” என்று தொடங்கியது மனு. அந்தக் கொழுந்தனார் தன் பங்கை எப்போதோ விற்றுவிட்டார் என்பதும், அந்தப் பத்திரத்தின் நகல் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதும் இரண்டாவது பத்தியில்தான் வந்தன.

“ஏம்மா, பத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டு எதுக்கு இதை முதல்ல எழுதுனீங்க? நான் அவசரத்துல இருந்திருந்தா மேல மட்டும் படிச்சுட்டு, தகராறு உள்ளதுன்னு எழுதி மூடியிருப்பேனே” என்றேன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்தது. தகர டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு பெரிய நாய் குரைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அலுவலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசைக்காரர் தன் நாற்காலியை மெல்லப் பின்னால் நகர்த்தினார். இருமல் அடங்கி முகத்துக்கு நிறம் திரும்பிய பிறகு அந்த அம்மா சொன்னார்:

“பின்னாடி தெரிஞ்சா அது ஒண்ணுதாங்க சார் மனசுல நிக்கும். முன்னாடியே சொல்லிப்புட்டா, மிச்சத்தைப் பொறுமையாக் கேப்பாங்க.”

மனிதர்கள் மிச்சத்தைக் கேட்பார்கள் என்று நம்புகிற ஒருவர் தாலுகா அலுவலகத்துக்குள் அதுவரை வந்ததில்லை. பட்டா மாறுதலில் கையெழுத்துப் போட்டேன். பத்திரம் சரியாக இருந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் செய்துவிடவில்லை.

ஓய்வு பெற்று அரியலூரிலேயே தங்கியபோது அவரே எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்ற வந்தார். செந்துறை சாலையில் ஒரு ஊரிலிருந்து மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு வருவார். அவர் தெரு முனையில் இருமியதும் எங்கள் தெரு நாய்கள் பதில் குரல் கொடுக்கும். “சொந்தக்காரங்கள்லாம் சொகம் விசாரிக்கிறாங்க” என்று என் மனைவியிடம் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரித்ததால் மறுபடி இருமல் வரும். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, சூடான எதையோ ஊதுவதைப் போல மூச்சை விடுவார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் உடம்பு தானாகக் கற்றுக்கொண்ட வித்தை அது என்று பின்னால் தெரிந்தது.

பாலைப் பற்றியும் குறைதான் முதலில் வரும். “இன்னிக்குப் பாலு நீர்த்துத்தாம்மா இருக்கும்.” என் மனைவி சொம்பை நீட்டியபடியே நிற்பாள். அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்வார். “மழையில நனைஞ்ச பச்சைப் புல்லாத் தின்னுருக்கு. தண்ணி ஊத்துல.” எதிர்வீட்டில் இருந்தவர் ஒரு வங்கி மேலாளர். அவர் முதல் வாக்கியத்தைக் கேட்டதுமே கதவைச் சாத்திவிட்டு பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டார். கடன் விண்ணப்பங்களையும் அவர் அப்படித்தான் படித்திருப்பார்.

மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் குரும்பலூரிலிருந்து பார்க்க வந்தபோது எங்களையும் அழைத்திருந்தார். வந்தவர்கள் காபியைக் கையில் எடுப்பதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்.

“பொண்ணுக்குக் கோவம் பொசுக்குன்னு வரும். சமையலு சுமாரு. எனக்கு இந்த இருமலு இருக்கு, அதுக்கும் வருமான்னு எந்த டாக்டரும் உறுதியாச் சொல்லுல.”

பெண் உள்ளே தட்டை நங்கென்று வைத்தது கேட்டது. அந்த அம்மாவின் கணவர் தரையைப் பார்த்தார். கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்க்கும் அமைதியான மனிதர். சபையில் அவர் தொண்டையைச் செருமுவது மட்டும் அவ்வப்போது கேட்கும். மாப்பிள்ளையின் அம்மாதான் சிரித்துவிட்டு, “சரி சம்பந்தி, தப்பையெல்லாம் சொல்லிட்டீங்க. நல்லது ஏதாச்சும் இருந்தா அதையும் சொல்லுங்க, உக்காந்துதானே இருக்கோம்” என்றார். அந்த அம்மாவின் மூச்சு சமமாகும் வரை எல்லாரும் காத்திருந்தார்கள். அதன்பிறகு அவர் மகளைப் பற்றிச் சொன்னதைக் கேட்ட என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணம் நடந்தது. மகள் இப்போது திருப்பூரில் இருக்கிறாள். அந்த ஒரு வீட்டில் மட்டும் அவருடைய கணக்கு பலித்தது. அது பொது விதி என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை.

அவருடைய ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். எங்கள் பக்கத்தில் குழி என்று சொன்னாலே போதும், எல்லாருக்கும் புரியும். ஊர்க் கூரைகளும் முருங்கை மரங்களும் ஒரே வெளிறிய நிறத்தில் இருக்கும். லாரி போனால் துணி உலர்த்தியவர்கள் ஓடுவார்கள். ஊரில் பலருக்கு இருமல் உண்டு. ஆனால் அவையெல்லாம் சின்ன இருமல்கள். வந்துபோகும் அதிகாரிகளின் காதில் விழக்கூடிய இருமல் இவரிடம் ஒன்றுதான் இருந்தது. ஊராட்சி மன்றத் தலைவர் அதைச் சீக்கிரமே கண்டுகொண்டார். ஜீப் வந்தால், காமிராவோடு யாராவது வந்தால், அந்த அம்மாவை முன்னால் நிறுத்துவார். தலைவர் அவருக்கு முறையில் கொழுந்தன், பட்டா மனுவில் வந்த கொழுந்தனார் அல்ல.

“அண்ணி, ஒரு தடவை இருமிக் காட்டுங்க.”

“வரமாட்டேங்குதே தம்பி.”

“அப்ப சிரிங்க, தானா வரும். டேய், அந்த மொட்டை அடிச்ச கதையச் சொல்லுடா அண்ணிக்கு.”

கதை சொல்லப்படும். சிரிப்பு வரும். பின்னாலேயே இருமல் வரும். அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, “ரொம்ப மோசமாத்தான் இருக்கு” என்று சொல்லி ஏறிப் போவார். இப்படிச் சில வருடங்கள் ஓடின. ஊரின் நியாயத்தை அவர் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தார். ஆஸ்துமா என்று உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். காசநோயோ என்று திரும்பத் திரும்பச் சளி பார்த்தார்கள். உறிஞ்சும் மருந்தால் பலன் இல்லை. சளியில் ஒன்றும் இல்லை.

“சும்மா பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, அந்தம்மாவ நல்ல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா என்ன” என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். எந்தக் கவுன்ட்டரில் எந்தச் சீட்டு, காப்பீட்டு அட்டையை எங்கே காட்டுவது என்பவையெல்லாம் எனக்கு அத்துபடி. ஓய்வு பெற்றவனுக்கு வேறு எந்தத் திறமையும் மிஞ்சுவதில்லை. கணவரையும் அழைத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் போனோம்.

அங்கே நுரையீரல் மருத்துவர் ஒரு இளம்பெண். அவர் முதலில் செய்த காரியம், இருமலைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தது. மூச்சை உள்ளிழுத்து ஒன்று, வெளியே விட்டு ஒன்று என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு ஒருநாள், மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, காமிரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு, “இப்ப இருமுங்கம்மா” என்றார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வட்டமாகத் திறந்திருந்த ஒரு குகை, இருமிய கணத்தில், பாய் மடிவதைப் போல ஒட்டிக்கொண்டு வெறும் கீறலாகிவிட்டது. அரைக் கணம் கழித்துத் திறந்தது.

மூச்சுக்குழாய் மடங்கிவிடாமல் இருக்க அதைச் சுற்றி லாட வடிவத்தில் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. பின்பக்கம் மட்டும் மெல்லிய சவ்வு. சிலருக்கு, மிகச் சிலருக்கு, அந்த வளையங்கள் வலுவில்லாமல் தளர்ந்துவிடுகின்றன. சவ்வும் உள்ளே பிதுங்குகிறது. மருத்துவர் படம் போட்டுக் காட்டியபோது அந்த அம்மா குறுக்கிட்டார்.

“மோட்டாருல உறிஞ்சுற பக்கம் கம்பி இல்லாத ஹோஸை மாட்டுனா ஒட்டிக்குமே, அதுமாரிங்களா டாக்டரம்மா?”

“அதேதான். ஆனா அங்க இழுக்கும்போது ஒட்டும். உங்களுக்கு மூச்சை வெளிய விடும்போது ஒட்டுது. எவ்வளவு வேகமா விடுறீங்களோ அவ்வளவு ஒட்டும். இருமுனா, சிரிச்சா, கத்துனா, விம்மி அழுதா.”

“அப்ப சும்மா கெடக்கணும்.”

“சும்மா கெடக்க வேணாம். மெதுவா இருங்க. பேசறதா இருந்தா ரெண்டு மூணு வார்த்தை, நிறுத்தி மூச்சு, அப்புறம் ரெண்டு மூணு வார்த்தை.”

பின்சுவரில் வலை வைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது, வெகுதூரத்தில் சில பெரிய இடங்களில் மட்டும் செய்கிறார்கள் என்றார். அதுவரைக்கும், காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி ஒன்றை முகமூடியோடு மாட்டிக்கொண்டால் குழாய் ஒட்டாமல் நிற்கும் என்றார்.

“கல்லுத் தூசியால வந்ததுங்களா?” அந்த அம்மா கேட்டார்.

“எப்பலேருந்து இப்படி இருமறீங்க?”

“குழி வெட்ட வர்றதுக்கு முன்னாடியே. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு என்னை வெளிய உக்கார வைப்பாரு.”

“அப்படின்னா பொறவியிலயே இருந்திருக்கலாம். தூசியாலதான்னு என்னால எழுத முடியாதும்மா.”

அந்த அம்மா திரும்பிக் கணவரைப் பார்த்தார். பிறகு அவர் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்து, “இவரையும் ஒரு தடவை பாருங்க. சத்தமே வராது, ஆனா இருமிக்கிட்டேதான் இருக்காரு” என்றார். படம் எடுத்தார்கள். மருத்துவர் அதை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். நுரையீரல் முழுக்கத் தழும்பு. என்ன வேலை என்று கேட்டார். கிரஷர் என்றதும் தலையை மெல்ல அசைத்தார். “இது தூசி பட்ட நெஞ்சு. இருக்கறதை மாத்த முடியாது. இனிமே தூசியே ஆகாது.”

ஊர் முழுக்கக் கேட்ட இருமலுக்கும் தூசிக்கும் சம்பந்தம் இல்லை. யார் காதிலும் விழாத இருமல்தான் தூசியின் இருமல். திரும்பி வரும் பஸ்ஸில் கணவர் சன்னலோரம் தூங்கிவிட்டார். அந்த அம்மா தூங்கவில்லை. கிரஷர் வேலையை விட்டுவிடலாம். ஆனால் அடுத்த குழி அவர்கள் தெருக்கோடியில்தான் வரப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. “வேலைய நிறுத்திப்புடலாம். வூட்டைத் தூக்கிட்டு எங்க சார் போறது?” என்றார்.

கருவியை வாங்கித்தர நான் போட்ட மனுக்கள் முறைப்படி ஒவ்வொரு மேசையாக நகர்ந்துகொண்டிருக்கும்போது, விஷயம் கேள்விப்பட்டு லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர், காலமான தன் தகப்பனார் உபயோகித்த கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். “வாப்பா மவுத்தானதுலேருந்து சும்மாத்தாம்மா கெடக்கு.” அதற்கும் அந்த அம்மா, “திருப்பித் தர்றதுக்குள்ள நான் செத்துருவேனே பாய், பரவால்லயா?” என்றுதான் ஆரம்பித்தார். அவர் திடுக்கிட்டு, “அல்லா காப்பாத்துவான், மாட்டிக்குங்கம்மா” என்றார். மருத்துவர் அழுத்தத்தைச் சரிசெய்து கொடுத்தார்.

புதிய குழிக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் நெருங்கியது. தலைவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். அந்த அம்மாவும் பால் கேனோடு நின்றிருந்தார்.

“அண்ணி, டாக்டரு சொன்னதைக் கூட்டம் முடியிற வரைக்கும் வெளிய விடாதீங்க. வந்து இருமுங்க, போதும். பேசக்கூட வேணாம்.”

“நாளைக்கு அவங்களே கண்டுபுடிச்சா? இந்தப் பொம்பள பொய்யி, ஊரே பொய்யின்னு சொல்லிப்புடுவாங்க. நானே முன்னாடி சொல்லிப்புட்டு, எங்க வூட்டுக்காரரு படத்தைக் காட்டுறேன். அவரு இருமறதுதான் நெசம்.”

“அண்ணன் இருமறது யாருக்குங்க கேக்கும்? பக்கத்துல போயி காதை வச்சாத்தான் கேக்கும்!”

“அப்ப வந்து வைக்கட்டும்.”

எழுதிக் கொடுத்தாலும் அதே மதிப்புதான் என்று நான் சொன்னேன். விதி அப்படித்தான் சொல்கிறது. “எழுதுனது கட்டோட கட்டாப் போயிடுங்க சார். வாயால சொன்னா உக்காந்து கேக்கணும்ல” என்றார் அந்த அம்மா. தலைவர் என்னைப் பார்த்தார். நான் மோரை நீட்டினேன்.

சாமியானா போட்டிருந்தார்கள். பெரிய மின்விசிறிகள், தண்ணீர்ப் பாட்டில்கள், ஆளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம். முன்வரிசைகளில் சுரங்கக் கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள் அமர்ந்திருந்தார்கள். ஊர்க்காரர்களுக்குப் பின்வரிசை கிடைத்தது. தலைமை தாங்கிய அதிகாரி முறைப்படி எல்லாவற்றையும் செய்தார். வீடியோ ஓடியது. பெயர் கூப்பிட்டதும் அந்த அம்மா எழுந்து போனார். ஒரு கையில் கணவரின் நுரையீரல் படம். மருத்துவர் சொன்ன மாதிரியே, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“என் இருமலு... உங்க எல்லாருக்கும் தெரியும். இது வந்து... கல்லுத் தூசியால... வந்தது இல்லைங்க. டாக்டரு... பார்த்துச் சொல்லிட்டாங்க.”

முன்வரிசை ஒரு நொடி நம்பமுடியாமல் இருந்தது. பிறகு கைதட்டியது. பலத்த கைதட்டல். யாரோ விசில்கூட அடித்தார்கள். அவர் படத்தை உயர்த்திப் பிடித்து, “ஆனா எங்க வூட்டு...” என்றார். கேட்கவில்லை. கைதட்டலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினார். அதைத்தான் செய்யக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒலிபெருக்கி வழியாக அந்தக் குரைப்பு சாமியானா முழுக்க அதிர்ந்தது. முன்னால் சிலர் சிரித்தார்கள். அடுத்த மூச்சு வரவில்லை. உதடு நீலமாகியது. படம் கீழே விழுந்தது. கணவர் ஓடிவந்தார். அவரால் ஓட முடியவில்லை, ஆனாலும் வந்தார். ஆம்புலன்ஸில் இருவரையுமே ஏற்ற வேண்டியதாயிற்று.

கூட்ட முடிவில் பேசியவர்களின் கருத்துகளைத் தொகுத்து வாசிப்பது நடைமுறை. வாசித்தார்கள். தனது நோய்க்குச் சுரங்கத் தூசி காரணம் அல்ல என்று ஊரைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் தெரிவித்தார். அவ்வளவுதான். நான் எழுந்தேன்.

“அவர் முடிக்கவில்லை.”

“சார், என்ன சொல்ல வந்தார்?”

சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நல்லவர். “அதை அவர்தானே சார் சொல்லணும்? இன்னொருத்தர் சொல்ல வந்ததை நீங்க சொன்னா உங்க கருத்தாத்தான் பதிவாகும். நீங்க இந்த ஊரா?” இல்லை என்றேன். கடைசியில் என் வற்புறுத்தலால் ஒரு வாக்கியம் சேர்க்கப்பட்டது: உடல்நலக் குறைவால் அவர் மேற்கொண்டு பேசவில்லை. நடைமுறை தெரிந்தவன் கூட இருந்ததால் கிடைத்த ஆதாயம் அது. படத்தைத் தரையிலிருந்து நான்தான் எடுத்துக்கொண்டேன். அதன்மேல் செருப்புத் தடம் இருந்தது.

அனுமதி கிடைத்தது. நிபந்தனைகளுடன். சாலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும், மரம் நட வேண்டும். சில மரங்கள் நட்டார்கள்.

ஊரில் அவரை யாரும் ஒதுக்கவில்லை. திட்டவும் இல்லை. தலைவர்கூட ஆஸ்பத்திரிக்கு வந்து, “உடம்பைப் பார்த்துக்குங்க அண்ணி” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அதற்குப் பிறகு அவரை யாரும் இருமச் சொல்லவில்லை. மொட்டை அடித்த கதையையும் யாரும் சொல்லவில்லை. அவர் பாலுக்கு வருவதை நிறுத்தினார். இரவெல்லாம் முகமூடியோடு படுத்தால் பகலில் நடமாட முடிந்தது. கணவருக்கு அப்படி மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை. தெருக்கோடியில் வெடி வைக்கும்போது சன்னலில் ஈரத்துணி கட்டுவார்கள். நாங்கள் போனபோதெல்லாம் அந்தத் துணி காய்ந்து, வெள்ளையாக, விறைத்துக் கிடந்தது.

இரண்டாவது வருடம் கணவர் இறந்தார். எழவு முடிந்ததும் மகள் அந்த அம்மாவைத் திருப்பூருக்கு அழைத்துப்போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பிறகு செய்தி இல்லை. நான் கடைசியாகப் பார்த்தது எழவு வீட்டில்தான்.

நடு மத்தியானம். பந்தலில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் சுவரில் சாய்ந்து, கருவியின் குழாய் மடியில் கிடக்க, முகமூடியோடு உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. சத்தம் இல்லை. “கட்டுனவன் போயி கெடக்கான், வாய்விட்டு ஒரு அழுவ அழுவுதா பாரு” என்றாள் ஒருத்தி. “அழுதா இதுவும் போயிரும்டி, டாக்டரு சொல்லிருக்கு” என்று அவருடைய நாத்தனார் அடக்கினார்.

கிரஷர் ஒப்பந்தக்காரர் மாலையோடு வந்தார். போட்டார். கும்பிட்டார். அந்த அம்மாவின் முன்னால் வந்து குனிந்தார்.

“தங்கமான மனுசன்ம்மா. ஒரு நாளு லீவு கேட்டதில்ல. என்னதான் வியாதியின்னே தெரியலையே.”

அவர் முகமூடியைக் கழற்றினார். மூச்சைச் சேர்த்துக்கொண்டார். வழக்கமாக முதலில் வரும் குறை எதுவும் அன்று வரவில்லை.

“தூசி” என்றார். “உங்க... கல்லுத் தூசி.”

ஒப்பந்தக்காரர் கோபப்படவில்லை. ஆறுதல் சொல்லும் அதே குரலில், “தூசியால இல்லைன்னு அன்னிக்கு மைக்குல நீங்களேதானம்மா சொன்னீங்க, ஊரே கேட்டுச்சே” என்றார்.

சுற்றி இருந்தவர்களில் சிலர் தலையை ஆட்டினார்கள். அவர்கள் கேட்டிருந்தார்கள்.

அந்த அம்மா மறுபடி வாயைத் திறந்தார். காற்று வந்தது, சொல் வரவில்லை. நாத்தனார் முகமூடியை எடுத்து அவர் வாய்மேல் வைத்து, பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டிவிட்டார். ஒப்பந்தக்காரர் நாற்காலி தேடி உட்கார்ந்தார்.